அப்பா வேலைக்குப் போனார், வந்தார்

கேள்வி:

அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருடம் முடிகிறது. 36 வருடம் ஒரே ஆலையில் வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்று, அதன் பிறகு 11 வருடம் எங்களோடு இருந்தார். நினைவு நாளுக்கு அவருடைய வாழ்க்கையைச் சிறு புத்தகமாகப் போடலாம், பேரப்பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்றான் தம்பி. நான் பள்ளி ஆசிரியை என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். "வேலைக்குப் போனார், வந்தார், தூங்கினார், எங்களைப் படிக்க வைத்தார்." இதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. ஓய்வுச் சான்றிதழில் 'பிரஸ் ஷாப், டை செட்டர்' என்று இருக்கிறது. அது என்ன வேலை என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிரே வந்து நிற்பார். நாங்கள் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேசுவார். சின்ன வயதில் அது பயமாக இருக்கும். அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த மோதிரத்தை ஒரு நாளும் போட்டதில்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் அந்தக் குறை உண்டு. பள்ளியில் நான் பரிசு வாங்கிய ஒரு விழாவுக்குக்கூட வரவில்லை. கடைசி வருடங்களில் டிவியை அலற விடுவார். இரவெல்லாம் ரேடியோ ஓட வேண்டும். அதற்காக அவரிடம் கத்தியிருக்கிறேன். அதை நினைத்து இப்போதும் அழுகிறேன். கோபமும் கூடவே இருக்கிறது. இந்த மனநிலையில் நான் எழுதலாமா? எழுதுவதற்குத்தான் என்ன இருக்கிறது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவரைப் பற்றி நான்கைந்து விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் படித்தபோது உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும் என்றே தோன்றிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. இழப்பில் இருக்கும் குடும்பங்களோடு பேசும் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், ஆலைத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பிரிவில் பல வருடம் இருந்தேன். எதிரே வந்து நின்ற பிறகு பேசுகிறவர்களை, மோதிரம் போடாதவர்களை, ரேடியோ இல்லாமல் தூக்கம் வராதவர்களை அங்கே தினமும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சான்றிதழில் இருக்கும் இரண்டு சொற்களைப் பார்த்துவிடலாம். நீங்கள் தேடும் புத்தகத்தின் பாதி அவற்றுக்குள் இருக்கிறது.

பிரஸ் ஷாப் என்பது உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, அழுத்தி வடிவம் கொடுக்கும் பகுதி. இயந்திரத்தின் மேல்பாகம் ஏறி ஏறி இறங்கும். அதில் ஓர் அச்சு, கீழே மேசையில் அதற்கு இணையான இன்னோர் அச்சு. இடையில் தகட்டை வைத்தால் ஒரே அடியில் அது ஒரு மூடியாகவோ தாங்கியாகவோ வண்டியின் ஒரு பாகமாகவோ மாறிவிடும். இந்த அச்சுக்குத்தான் டை என்று பெயர். செய்யும் பொருள் மாறும்போதெல்லாம் பழைய டையை இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். மேலும் கீழும் ஒன்றோடொன்று சரியாக உட்காரும்படி பொருத்திக் கொடுப்பவர் டை செட்டர். வெட்டும் டையில் இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி, தகட்டின் கனத்தில் ஒரு சிறு பங்குதான். ஒரு மில்லிமீட்டர் தகடு என்றால், அந்த மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் சில பங்கு. அது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வெட்டிய விளிம்பில் பிசிர் எழும். இன்னும் மோசமானால் டையே உடைந்துபோகும். டையோ நூற்றுக்கணக்கான கிலோ இருக்கும், டன் கணக்கிலும் போகும். அவ்வளவு கனமான இரும்பை அவ்வளவு நுட்பமாக உட்கார வைப்பதுதான் உங்கள் அப்பாவின் வேலை. பொருத்தி முடித்ததும் செட்டர் முதல் துண்டை அடித்து எடுத்து, அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். பிசிர் இருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். வீட்டுக்குப் புதிதாக ஏதாவது பொருள் வந்தால் அப்பா அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று சொல்வார் என எதிர்பார்க்கிறேன்.

இப்போது மோதிரத்துக்கு வருகிறேன். அம்மா அருகில் இருந்தால் இந்தப் பத்தியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இயங்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மோதிரம் போடக் கூடாது என்பது தொழிலுக்குள் நுழைகிற பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம். மோதிரம் ஏதாவதொரு விளிம்பில் மாட்டி இழுத்தால், விரலின் தோலையும் சதையையும் உறைபோலக் கழற்றிக்கொண்டு போய்விடும். அந்தக் காயத்தைப் பார்த்த பிறகு நான் வேலை நேரத்தில் மோதிரம் போடுவதையே விட்டுவிட்டேன், இத்தனைக்கும் நான் இயந்திரத்தைத் தொட்டதுகூட இல்லை. கைக்கடிகாரம், தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சரி, வீட்டுக்கு வந்த பிறகாவது போட்டிருக்கலாமே என்று அம்மா கேட்கலாம். பலர் அப்படிச் செய்வதும் உண்டு. சிலர் செய்யமாட்டார்கள். மறந்துபோய் மோதிரத்தோடு ஷிப்டுக்குப் போய்விடுவோமோ என்கிற பயம்தான் காரணம் என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அப்பா எந்த வகை என்று எனக்குத் தெரியாது. மோதிரத்தை அவர் எங்கே வைத்திருந்தார், தொலைக்காமல் வைத்திருந்தாரா என்பதில் கொஞ்சம் விடை கிடைக்கும்.

அவருக்குப் பத்து விரல்களும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன். இல்லாதிருந்தால் கடிதத்தில் சொல்லியிருப்பீர்கள். இதைப் புத்தகத்தில் தனியாக எழுத வேண்டும். பழைய பிரஸ்களில் கால்மிதியை அழுத்தினால் அடி விழும். கை உள்ளே இருக்கிறதா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. பிற்பாடுதான் இரண்டு கைகளாலும் தனித்தனி பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இறங்கும் ஏற்பாடும், கை குறுக்கே போனால் ஒளிக்கதிர் தடைபட்டு இயந்திரம் நின்றுவிடும் ஏற்பாடும் வந்தன. ஆனால் இவை தகட்டை வைத்து எடுப்பவருக்கான காப்பு. செட்டர் டையைப் பொருத்தும்போது கையையும், சில சமயம் தலையையும், உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டு போட்டு, மேல்பாகம் தானாக இறங்கிவிடாதபடி கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். அவசரத்தில் ஒரு படியை விட்டவர்கள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 280 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தாலே 36 வருடத்தில் 80,000 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தனை மணி நேரத்திலும் அவர் கவனம் தவறவில்லை. அந்தக் கைகளோடுதான் வீட்டுக்கு வந்து உங்களைத் தூக்கினார்.

பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எதிரே வந்து நிற்பார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். பிரஸ் ஷாப்பில் ஒருவரைக் கூப்பிட்டால் கேட்காது. பின்னாலிருந்து தோளைத் தொடவும் கூடாது. இயந்திரத்தில் கை வைத்திருப்பவர் திடுக்கிட்டுத் திரும்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அங்கே ஒருவரோடு பேச வேண்டுமென்றால், அவர் பார்வை படும் இடத்தில் போய் நிற்பார்கள். அவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார்கள். சத்தம் மிகுந்த ஆலைகளில் மனிதர்கள் இப்படியெல்லாம் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவாலைகளில் பெண்கள் உதட்டசைவையும் சைகையையும் வைத்தே தறிகளின் இரைச்சலுக்கு நடுவே முழு உரையாடல் நடத்தினார்கள். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவர்களை விடவில்லை என்பார்கள். உங்கள் அப்பா எதிரே வந்து பேசாமல் நின்றது உங்களுக்குப் பயமாக இருந்தது. குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. அவருக்கு அது மனிதர்களை அணுகத் தெரிந்த ஒரு வழி. 'நீ என்னைப் பார்த்த பிறகு பேசுகிறேன், உன்னைத் திடுக்கிட வைக்கமாட்டேன்' என்பதுதான் அந்த நிற்றலின் அர்த்தம்.

அப்புறம் டிவி, ரேடியோ.

அவரை நான் பரிசோதித்ததில்லை. ஆகவே உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள், இரைச்சலால் காது கேட்கும் திறன் குறைந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தவை. இது புதிய விஷயமும் இல்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700இலேயே தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நோயாளியிடம் பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டிஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள், என்ன தொழில் செய்கிறாய் என்று கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். செம்பைத் தட்டித் தட்டியே செவி மந்தமாகிப்போன தொழிலாளர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் நூறு பேரைச் சோதித்தார். கடிகாரத்தின் டிக் டிக் ஒலி எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். நூறு பேரில் ஒருவருக்குக்கூடச் செவி இயல்பாக இல்லை.

இன்றைக்கு இதற்கு அளவு இருக்கிறது. 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கும் நேரம் பாதியாகிவிடும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. பிரஸ் ஷாப்பில் 90ஐத் தாண்டுவது சாதாரணம். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் அடிபட்டுப் போனால் மனிதர்களுக்கு அவை மறுபடி வளர்வதில்லை. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த ஒலிகள், அவை கேட்கும். சொல்லை அடையாளம் காட்டும் மெய்யொலிகள் பலவும் மேலே இருப்பவை, அவை நழுவிவிடும். கத்தி, கட்டி எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். யாரோ பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் இன்னும் கடினம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் அவர் குறைவாகப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 'என்ன?' என்று மூன்றாம் முறை கேட்பதற்குக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருப்பவர்கள் அதை 'ஒட்டமாட்டேன் என்கிறார்' என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொரு குணமும் இந்தக் குறைபாட்டுக்கு உண்டு. மெதுவாகச் சொன்னால் கேட்காது. குரலை உயர்த்தினால் சட்டென்று தாங்க முடியாத சத்தமாகிவிடும். 'ஏன் கத்துறே?' என்று அப்பா உங்களிடம் எரிந்து விழுந்திருப்பாரே? பழுதான உள்காதின் இயல்பு அது. நீங்கள் கத்தினீர்கள், அவருக்கு வலித்தது, அவர் கோபப்பட்டார், நீங்கள் அழுதுகொண்டு உள்ளே போனீர்கள். இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது அந்த ஆலையின் இரைச்சல். அது யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவிப் பரிசோதனை செய்து, குடும்பத்தை உட்கார வைத்து யாராவது விளக்கியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை என்பதில் எனக்கே வருத்தம் இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பரிசோதனை முடிவை ஒரு தாளில் குறித்துத் தொழிலாளியின் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது ரொம்பக் காலம் நடந்தது.

இரவு ரேடியோவும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம். இப்படிப்பட்ட காதுகளில் ஓயாத ரீங்காரம் கேட்பது வழக்கம். பகலில் மற்ற சத்தங்களில் அது அமுங்கிவிடும். இரவின் அமைதியில்தான் அது பெரிதாகும். வேறொரு மெல்லிய ஒலி ஓடிக்கொண்டிருந்தால் தூக்கம் பிடிக்கும்.

பரிசளிப்பு விழாவைப் பற்றி மட்டும் உங்களுக்கு ஆறுதலாக எதையும் சொல்லமாட்டேன். ஷிப்ட் மாறி மாறி வரும்போது உடம்பின் கடிகாரம் அதற்கு ஈடு கொடுக்க முடியாது. பகல் தூக்கம் நீளமும் குறைவு, அடிக்கடி கலைந்தும் போகும். இரவு ஷிப்ட் முடித்தவர் பகல் விழாவுக்கு வருவது எவ்வளவு கடினம் என்று நான் பக்கம் பக்கமாக எழுத முடியும். ஆனாலும் பரிசு வாங்கிய பெண் மேடையிலிருந்து கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள், அவர் இல்லை. காரணம் தெரிந்துகொள்வதால் அந்த ஏமாற்றம் நடக்காததாகிவிடாது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள். 'எந்த விழாவுக்கும் அப்பா வரவில்லை. அந்த வாரங்களில் அவருக்கு எந்த ஷிப்ட் இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.' இப்படி எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மனிதர் கிடைப்பார். குறையே இல்லாத தாத்தாவைப் பற்றிப் படித்தால் அவர்களுக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள்.

கோபத்தோடு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம். இறந்தவரை மனதிலிருந்து விடுவித்துவிட்டு மேலே போவதுதான் துக்கத்தின் முடிவு என்று ஒரு காலத்தில் எங்கள் துறையில் பரவலாக நம்பினார்கள். டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1996இல் அதை மறுத்து எழுதினார்கள். பெரும்பாலானோர் இறந்தவரோடு உள்ள உறவை அறுத்துக்கொள்வதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. உறவு தொடர்கிறது என்றால் சண்டையும் கொஞ்ச நாள் தொடரத்தான் செய்யும். எழுத எழுத அழுகை வந்தால் மூடி வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தப் போங்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் விளக்கியபடி, துக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே இப்படி ஊசலாடுவதே இயல்பு. ஒரு வருடம் ஆகியும் அழுவதில் தவறில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான நாட்களில் வேலை, சாப்பாடு, தூக்கம் எதுவுமே ஓடவில்லை, அவர் போனதை ஏற்கவே முடியவில்லை என்ற நிலை இருந்தால், கடிதத்தோடு நிறுத்தாமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் என்று அதற்குத் தனியாகப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன.

இனி, எழுதுவதற்கான பொருளை எங்கே தேடுவது.

வீட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் நீங்கள் கிழித்துப்போட்ட மூன்று பக்கம்தான் திரும்பவும் வரும். அவருடைய விழிப்பு நேரத்தில் பெரும்பகுதியைப் பார்த்தவர்கள் ஆலையில் அவரோடு இருந்தவர்கள். அவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். அப்பாவின் பழைய செல்பேசி, ஓய்வு பெற்ற அன்று எடுத்த குழுப் படம், தொழிற்சங்க அட்டை, சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்புங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் அதில் ஓவர்டைம் இருக்கும் மாதங்களைப் பாருங்கள். எந்த மாதத்தில் அது கூடியிருக்கிறது, அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். கல்லூரிக் கட்டணமோ யாருடைய அறுவை சிகிச்சையோ வெளியே வரலாம். ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில், மகன் படித்த நான்கு வருடமும் அப்பாவின் சீட்டில் ஓவர்டைம் இல்லாத மாதமே இல்லை. மகன் அந்தத் தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

கூட வேலை பார்த்தவரைச் சந்திக்கும்போது 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்பேன். 'தங்கமான மனுஷன்' என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். 'ஐயா, ஒரு ஷிப்டை கேட்டில் நுழைவதிலிருந்து சொல்லுங்களேன்' என்று கேளுங்கள். எங்கே உடை மாற்றினார்கள், யார் எந்த இயந்திரம், முதலில் எதைத் தொடுவார்கள், டை மாற்ற எவ்வளவு நேரம், கோளாறு வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், சாப்பிடும்போது அப்பா யார் பக்கத்தில் உட்காருவார், புதிதாக வந்த பையனுக்கு என்ன சொல்லித் தருவார். இப்படி வேலையைக் கேட்டால் அதற்குள்ளிருந்து ஆள் வெளியே வருவார். அவரை அங்கே எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாத ஒரு பட்டப்பெயர் அநேகமாக எல்லோருக்கும் இருந்திருக்கும். ஆலையில் ஒரு கதவடைப்பு, வேலைநிறுத்தம், ஆள்குறைப்பு என்று ஏதாவது வந்திருந்தால் அந்த நாட்களைத் தனியாகக் கேளுங்கள். வீட்டில் மறைத்த கவலைகள் அங்கேதான் இருக்கும்.

கையில் அப்பாவின் பொருள் ஏதாவது கொண்டுபோங்கள். அவர் பயன்படுத்திய அளவுகோல், பாதுகாப்புக் காலணி, எதுவானாலும். கேள்வியால் வராத நினைவு, பொருளைக் கையில் வாங்கியதும் வரும். அனுமதி கேட்டுவிட்டுச் செல்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். பத்து விநாடி காத்திருந்தால் பல சமயம் அதற்குப் பிறகுதான் முக்கியமானது வரும். அவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்றும் தயங்க வேண்டாம். முதியவர்கள் பழசையே பேசுவதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாக ஒதுக்கிய காலத்தில், மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் இயல்பான வேலை என்று எழுதினார். உங்கள் கேள்விக்காக யாராவது காத்திருக்கலாம்.

அம்மாவின் பகுதியை விட்டுவிடாதீர்கள். அப்பா பகலில் தூங்கும் வாரங்களில் வீட்டில் கதவு சத்தமில்லாமல் மூடியது யாரால்? குழந்தைகளை 'உஷ்' என்று அடக்கியது, விடியற்காலை ஷிப்டுக்கு அவருக்கு முன்னால் எழுந்தது எல்லாம் சம்பளச் சீட்டில் இல்லாத வேலை. ஷிப்டைக் குடும்பமே பார்த்தது. நீங்களும் தம்பியும் சத்தம் போடாமல் விளையாடப் பழகியதும் அதில் சேரும்.

ஓய்வுக்குப் பிறகான 11 வருடத்துக்கு வேறு சாட்சிகள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, 'தாத்தாவின் கையைப் பற்றிச் சொல்லு' என்று கேளுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அவர்கள் மொழியிலேயே போடுங்கள். வருடமும் சம்பவமும் ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்ற குறிப்போடு. நினைவு நாளுக்குள் முடியாவிட்டால் அன்றைக்கு எட்டுப் பக்கம் போதும். மீதி பிறகு வரட்டும்.

கடைசியாக, அந்தப் பழைய நண்பரைப் பார்க்கப் போகும்போது ஒன்று கவனத்தில் இருக்கட்டும். அவரும் அதே பிரஸ் ஷாப்பில் இருந்தவர், அவருக்கும் காது மந்தமாக இருக்கலாம். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். வாசலிலிருந்து கூப்பிடாதீர்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள். எதிரே போய் நின்று, அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்த பிறகு பேசத் தொடங்குங்கள்.